நெட்வொர்க் டிராஃபிக்கைப் பார்க்கத் தனிப் பெட்டி வேண்டுமா? டெல்டா மில்கள், ஆஸ்பத்திரிகள் பற்றி ஒரு இழை

2025 ஜூன் 3, வாசகர் கேள்வி

திருவாரூர் பக்கம் மாடர்ன் ரைஸ் மில் வைத்திருக்கிறோம். ஆபீசில் பத்துப் பன்னிரண்டு கம்ப்யூட்டர், எடை மேடை, கலர் சார்ட்டர், சுற்றிலும் கேமரா. தெரிந்தவர் மில்லில் கணக்கு ஃபைல் எல்லாம் பூட்டிக்கொண்டு பணம் கேட்டார்களாம். நெட்வொர்க் டிராஃபிக்கை முழுக்கக் கண்காணிக்கிற பெட்டி ஒன்று இருக்கிறது, மாட்டிவிட்டால் கவலையே இல்லை என்று ஒருவர் கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். லட்சக்கணக்கில் வருகிறது. வாங்கலாமா?

ஜூன் 3, இரவு

இப்போது வாங்காதீர்கள். முதலில் எந்த வயர் எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரையுங்கள்.

தன் வயர் வழியாகப் போவது மட்டும்தான் பெட்டிக்குத் தெரியும். உங்கள் எடை மேடை கம்ப்யூட்டரும் கணக்கு கம்ப்யூட்டரும் ஒரே சாதாரண நெட்வொர்க் சுவிட்சில் செருகியிருந்தால், அவை இரண்டும் பேசிக்கொள்வது அந்த சுவிட்சோடு முடிந்துவிடும். ஃபைபர் மோடம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெட்டி வரை வராது. ஃபைல்களைப் பூட்டுகிற ரகம் பரவுவதே இந்தப் பக்கவாட்டு வழியில்தான். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ஃபைல் பூட்டும் நிரல் உலகத்தைச் சுற்றி வந்தது நினைவிருக்கும். விண்டோஸ் ஃபைல் பகிர்கிற 445-ம் போர்ட் (அந்த வேலைக்கென்று கம்ப்யூட்டர் வைத்திருக்கிற எண்ணிட்ட வாசல்) வழியாக ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தானே தாவியது. மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே அதற்கு அப்டேட் கொடுத்திருந்தது. போடாத இடங்களில்தான் பெரும் சேதம்.

கொட்டேஷன் கொடுத்தவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "உங்கள் பெட்டியை எந்த இரண்டு கருவிகளுக்கு நடுவில் மாட்டப் போகிறீர்கள்?" பதில் தெளிவாக வராவிட்டால் தாளை மடித்து வைத்துவிடலாம்.

ஜூன் 4

நேற்று எழுதியதன் தொடர்ச்சி. பெட்டி என்று ஒரே சொல்லில் சொல்கிறோம், ஆனால் இரண்டு வேறு வேலைகள் அதற்குள் கலந்து கிடக்கின்றன. நம் ஊர்க்காரர்களுக்கு ஆற்று ரெகுலேட்டரை வைத்தே சொல்லிவிடலாம். ஷட்டர் தண்ணீரை நிறுத்தும், விடும். பக்கச் சுவரில் அடி கணக்கு எழுதியிருக்கிற அளவுகோல் தண்ணீரைத் தொடாமல் எவ்வளவு போகிறது என்று காட்டும். ஃபயர்வால், ஐ.பி.எஸ் (ஊடுருவலைத் தடுப்பது) எல்லாம் ஷட்டர் வகை. டிராஃபிக் அதன் வயிற்றுக்குள் நுழைந்துதான் வெளியே வரும். ஐ.டி.எஸ் (ஊடுருவலைக் கண்டு சொல்வது) அளவுகோல் வகை. டிராஃபிக்கின் ஒரு நகல் மட்டும் அதற்குப் போகும்.

ஷட்டர் வகை கெட்டுப்போனால் லைனே போய்விடும். நல்ல பெட்டிகளில் கரண்ட் போனால் வயர் செருகுகிற இரண்டு போர்ட்டையும் நேரடியாக இணைத்துவிடுகிற ரிலே உண்டு, விலை குறைந்தவற்றில் இருக்காது. அளவுகோல் வகை செத்தாலும் லாரி லோடு போட்டு பில் அடிப்பது நிற்காது. அறுவடை நாளில் வாசலில் லாரி வரிசை நிற்கும்போது லைன் போனால் முதலாளி அந்தப் பெட்டியைக் கழற்றி எறியச் சொல்வார். அதன் பிறகு யாரும் திரும்ப மாட்ட மாட்டார்கள். அதனால்தான் சின்ன இடங்களுக்கு நான் எப்போதும் நகல் எடுக்கிற வழியையே முதலில் சொல்கிறேன். ஃபயர்வால் தனியாக இருக்கட்டும், அது வேறு கணக்கு.

ஜூன் 6

நகலை எப்படி எடுப்பது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

சுலபமான வழி போர்ட் மிரரிங். சிஸ்கோக்காரர்கள் ஸ்பான் என்பார்கள். மைக்ரோட்டிக்கில் உண்டு, டிபி-லிங்க்கின் ஈசி ஸ்மார்ட் வகைச் சிறிய சுவிட்சுகளிலும் உண்டு. கடையில் வாங்கும்போது வெறும் சுவிட்சா, செட்டிங் உள்ள சுவிட்சா என்று பார்த்து வாங்கினால் போதும். ஒரு போர்ட்டில் போகிற வருகிற எல்லாவற்றையும் இன்னொரு போர்ட்டுக்கு நகல் அனுப்பும்.

ஒரு சிக்கல். ஒரு கிகாபிட் லைன் என்றால் போக ஒரு கிகாபிட், வர ஒரு கிகாபிட். இரண்டும் நிரம்பினால் நகல் போர்ட்டுக்கு இரண்டு கிகாபிட் வேண்டும், இருப்பது ஒன்று. மிச்சத்தை சுவிட்ச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். அலர்ட் வரவில்லை, எல்லாம் சுத்தம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். மில்லில் 100 மெகாபிட் இணைப்பு இருக்கிற இடத்தில் இது பெரிய பிரச்சனை இல்லை. ஆனால் எல்லா போர்ட்டையும் ஒன்றில் மிரர் செய்ய ஆசைப்படக் கூடாது. ரௌட்டருக்குப் போகிற போர்ட், கணக்கு ஃபைல்கள் இருக்கிற கம்ப்யூட்டரின் போர்ட், இந்த இரண்டு போதும். இரண்டாவதைச் சேர்த்தால் 3-ம் தேதி சொன்ன பக்கவாட்டுப் பேச்சும் கண்ணில் படும்.

இரண்டாவது வழி நெட்வொர்க் டேப். வயருக்கு நடுவில் வைக்கிற சின்னப் பெட்டி. இதில் ஒரு விஷயம் பலருக்குக் குழப்பம்: கரண்டே இல்லாமல் வேலை செய்கிற செப்பு டேப் 100 மெகாபிட்டில் மட்டும்தான் சாத்தியம். அந்த வேகத்தில் போக ஒரு ஜோடி கம்பி, வர ஒரு ஜோடி. அந்தக் கம்பிகளிலிருந்து ஒட்டுக்கேட்டுவிடலாம். கிகாபிட்டில் நான்கு ஜோடியிலும் இரண்டு முனையும் ஒரே நேரத்தில் பேசும், பிரிக்கச் சிப் வேண்டும், சிப்புக்குக் கரண்ட் வேண்டும். ஃபைபரில் இந்தத் தொல்லை இல்லை. ஒளியையே 70-க்கு 30 என்று கண்ணாடியில் பிரித்துவிடலாம், கரண்ட் தேவையே இல்லை.

கேபிள்காரர் இழுத்து வருகிற ஃபைபரில் இதைச் செய்யக் கிளம்பிவிடாதீர்கள். அதில் ஓடுவது மோடத்துக்கும் அவர்கள் ஆபீசுக்கும் மட்டும் புரிகிற முறை. நமக்கு வேண்டியது மோடத்துக்கு இந்தப் பக்கம்.

ஜூன் 6, கொஞ்சம் கழித்து

இந்தப் பக்கம் என்றால் ரௌட்டருக்கும் இந்தப் பக்கம். ரௌட்டருக்கு வெளியே பார்த்தால் உங்கள் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே முகவரியாகத் தெரியும். யார் கெட்டுப்போனது என்று கண்டுபிடிக்க வழியில்லை. போதாததற்கு உலகம் முழுக்கக் கதவைத் தட்டிப் பார்க்கிறவர்களின் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும்.

ஜூன் 15

"எங்க ஊர்ல கரண்ட் கட்தான் சார் பெஸ்ட் ஃபயர்வால்" என்று மன்னார்குடிக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் மில்லில் கேமராவும் ரௌட்டரும் யு.பி.எஸ்-இல் இருக்கும், ஆபீஸ் கம்ப்யூட்டர் அணைந்தாலும் அவை அணையாது. அதுதான் அடுத்த கதை.

கும்பகோணம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. இன்டர்நெட் மெதுவாக இருக்கிறது, ஸ்கேன் படம் அனுப்ப முடியவில்லை என்றுதான் கூப்பிட்டார்கள். இரண்டு லேன் போர்ட் உள்ள விசிறியில்லாத மினி பி.சி. ஒன்றை எடுத்துப்போய் லினக்சில் சுரிகாட்டாவும் ஜீக்கும் போட்டு மிரர் போர்ட்டில் செருகினேன். இரண்டுமே இலவசம். சுரிகாட்டா தெரிந்த கெட்ட அடையாளங்களோடு ஒப்பிட்டு அலர்ட் கொடுக்கும். ஜீக் யார் யாரோடு எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று நாட்குறிப்பு எழுதும். 1995-இல் ப்ரோ என்ற பெயரில் வெர்ன் பாக்ஸன் ஆரம்பித்தது, 2018-இல் பெயர் மாற்றினார்கள். என்னைக் கேட்டால் ஜீக்கின் நாட்குறிப்புதான் பொக்கிஷம்.

அன்றைக்கு ராத்திரி லாக்கை, அதாவது பெட்டி எழுதி வைத்த பதிவை, திறந்தால், உள்ளே இருக்கிற ஒரு முகவரி, 23-ம் போர்ட்டுக்கு, உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற முகவரிகளைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் ஒரு நொடிகூட இல்லை. பதில் வந்தது அரிது. 23 என்றால் டெல்நெட், தூரத்திலிருந்து ஒரு கருவிக்குள் நுழைகிற பழைய வழி. இந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியில் யாருக்கும் அது தேவையில்லை.

மேனேஜரிடம் அந்த முகவரி எது என்று கேட்டேன், தெரியாது என்றார். கருவிக்குத் தயாரிக்கும்போதே கொடுக்கிற மேக் முகவரியில் முதல் ஆறு எழுத்து எண்கள் தயாரிப்பாளரைச் சொல்லும். பார்த்தால் கேமரா ரெக்கார்டர் செய்கிற கம்பெனி. ரிசப்ஷனில் இருந்த ரெக்கார்டர் வேறு ரகம். சுவிட்சில் எந்த போர்ட் என்று பார்த்து, அந்த வயரைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். மருந்துக் கடையின் பரணில், சலைன் பெட்டிகளுக்குப் பின்னால் போய் முடிந்தது. பழைய ரெக்கார்டர், தூசி மூடி, பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டு. புது கேமரா போட்டவர் பழையதைக் கழற்றாமல் விட்டுப் போயிருக்கிறார். அதற்கு மானிட்டர்கூட இல்லை. பாஸ்வேர்டு கம்பெனி கொடுத்தபடியே.

2016-இல் மிராய் என்று ஒரு கெட்ட நிரல் இப்படிப்பட்ட ரெக்கார்டர்களையும் கேமராக்களையும் பிடித்துத்தான் அந்த அக்டோபர் 21 அன்று டைன் என்கிற டி.என்.எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தருகிற சேவை) நிறுவனத்தைச் சாய்த்தது. அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்கள் திறக்கவில்லை. அதன் வாரிசுகள் இன்றும் ஓடுகின்றன. மிராய் மெமரியில் மட்டும் குடியிருக்கும், அணைத்துப் போட்டால் போய்விடும். பாஸ்வேர்டு அதேதான் என்றால் கொஞ்ச நேரத்தில் திரும்பப் பிடித்துக்கொள்ளும். நாங்கள் வயரையே உருவிவிட்டோம். ஸ்கேன் படம் அன்றே போனது.

இதில் நேரம் பற்றி ஒரு குறிப்பு. சில பெட்டிகள் லாக்கை யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் எழுதும். அதில் 20:40 என்று இருந்தால் நமக்கு மறுநாள் அதிகாலை 2:10. சாயங்காலம் யாரோ ஊழியர் செய்தது என்று நினைத்து ஒரு ஆளைச் சந்தேகப்பட்டுவிடக் கூடாது.

ஜூன் 22

"எல்லாமே என்க்ரிப்ட் ஆகிவிட்டது, பெட்டிக்கு என்ன தெரியும்?" நியாயமான கேள்வி. இணையப் பேச்சைப் பூட்டி அனுப்புகிற முறை டி.எல்.எஸ்., 2018 ஆகஸ்டில் வந்த அதன் 1.3-இல் சர்வர் யார் என்று காட்டுகிற சான்றிதழ்கூட மறைந்துதான் போகிறது. உள்ளே பேசியது தெரியாது. எங்கே போனார்கள் என்பது பெரும்பாலும் தெரியும், ஏனென்றால் இணைப்பின் தொடக்கத்தில் தளத்தின் பெயர் இன்னும் பல இடங்களில் திறந்தபடியே போகிறது. டி.என்.எஸ் கேள்விகளும் அப்படியே, பிரவுசர் அதையும் மறைத்து அனுப்பாதவரை. எவ்வளவு நேரம், எத்தனை பைட், எந்த இடைவெளியில் என்பது எப்போதும் தெரியும். கணக்கு கம்ப்யூட்டர் நடுராத்திரியில் நாலு ஜி.பி. வெளியே அனுப்பினால், உள்ளே என்ன இருந்தது என்று படிக்கத் தேவையில்லை.

என்க்ரிப்ஷனை நடுவில் உடைத்துப் பார்க்கிற பெட்டிகளும் விற்கின்றன. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தன் சான்றிதழை நம்பச் சொல்லி, எல்லாவற்றையும் பிரித்துப் படித்துத் திரும்ப ஒட்டி அனுப்பும். ஆஸ்பத்திரியில் இதைச் செய்ய நான் சம்மதிக்கவில்லை, சம்மதிக்கவும் மாட்டேன். நர்ஸ் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் பேங்க் பேலன்ஸ் பார்க்கிறார்கள், நோயாளிகளின் ரிப்போர்ட் போகிறது. இத்தனையும் ஒரே பெட்டியில் திறந்து கிடந்தால், திருட வருகிறவனுக்கு நாமே மூட்டை கட்டி வைத்த மாதிரி.

ஜூலை 5

ஜூன் 3-ம் தேதி "வாங்காதீர்கள்" என்றதை எல்லோருக்கும் பொருத்த வேண்டாம். தஞ்சாவூர் பக்கம் கல்லூரியில் வேலை பார்க்கிறவர் எழுதியிருக்கிறார்: ஏழெட்டுக் கட்டடம், நடுவில் ஃபைபர், ஆயிரக்கணக்கில் மாணவர்கள். அங்கே மினி பி.சி. திணறும். தனிப் பெட்டி வாங்குவதில் அர்த்தம் உண்டு, ஃபைபர் டேப்பும் வைக்கலாம். ஆனால் பெட்டியையும் ஒரு கம்ப்யூட்டராகவே பாருங்கள். அதிலும் ஓட்டை வரும். 2023-இல் பாராகுடா நிறுவனம் தன் மின்னஞ்சல் பாதுகாப்புப் பெட்டிகளில் ஓட்டை கண்டுபிடித்து, அப்டேட் போட்டிருந்தாலும் சரி, மாட்டிக்கொண்ட பெட்டிகளைக் கழற்றிவிட்டு மாற்றுங்கள் என்று ஜூனில் சொன்னது. காவலுக்கு வைத்த பெட்டியே வாசலாகிவிட்டது.

ஆகவே நிர்வாகப் பக்கத்தை இணையத்துக்குத் திறக்கக் கூடாது. நகல் வாங்குகிற போர்ட்டுக்கு ஐ.பி. முகவரியே கொடுக்க வேண்டாம். சந்தா முடிந்தால் அப்டேட் நிற்குமா என்பதை வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விலையைவிட அந்த வருடச் சந்தாதான் பல இடங்களில் கழுத்தைப் பிடிக்கிறது.

ஜூலை 28

கேள்வி கேட்ட மில்காரர் மினி பி.சி. போட்டுவிட்டார். பயந்துபோய் எழுதியிருக்கிறார்: "ஒரே வெளிநாட்டு முகவரிக்கு நிமிடத்துக்கு ஒருமுறை, நூல் பிடித்தாற்போல் ஏதோ போகிறது. மாட்டிக்கொண்டோமா?"

சீரான இடைவெளி என்றால் சந்தேகப்பட வேண்டியதுதான். உள்ளே புகுந்த நிரல் தன் எஜமானிடம் "இருக்கிறேன்" என்று சொல்வதும் இப்படித்தான். அனுப்புகிற உள் முகவரியை வைத்துத் தேடச் சொன்னேன். வந்து நின்றது கலர் சார்ட்டரில். கறுப்பு அரிசியைப் பிரிக்கிற அந்த மெஷினுக்கு இன்டர்நெட் எதற்கு என்று அவருக்கே ஆச்சரியம். சர்வீஸ் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் கேட்டதில், தூரத்திலிருந்து செட்டிங் மாற்றுவதற்காகக் கம்பெனிக்காரர்கள் வைத்த இணைப்பு என்றார். திருட்டு இல்லை.

ஆனாலும் அப்படியே விடச் சொல்லவில்லை. சார்ட்டரைத் தனி வி.லேனில் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைக்கிற தனி நெட்வொர்க்) போட்டு, கணக்கு கம்ப்யூட்டர் பக்கம் எட்டிப் பார்க்க முடியாதபடி செய்தோம். வெளி இணைப்பு, சர்வீஸ்காரர் போன் செய்து கேட்கும்போது மட்டும். கேமராக்களும் அதே மாதிரி வேறு வி.லேன். அலர்ட் பொய்யாகப் போனாலும் மில்லில் இப்படி ஒரு கதவு இருந்தது தெரிய வந்ததே, அதுவே பெரிய லாபம்.

ஆகஸ்ட் 10

எவ்வளவு சேமிக்கலாம் என்ற கேள்விக்கு. 100 மெகாபிட் லைன் நாள் முழுக்க நிரம்பி ஓடினால் நொடிக்கு 12.5 எம்.பி., ஒரு நாளைக்கு ஒரு டெராபைட்டுக்கு மேல். எல்லா பாக்கெட்டையும், அதாவது டேட்டா போகிற சின்னச் சின்னத் துண்டுகளை, வைத்துக்கொள்ள ஆசைப்பட வேண்டாம். ஜீக் எழுதுகிற இணைப்புக் குறிப்பு, டி.என்.எஸ் குறிப்பு, அலர்ட், இவை சுருக்கினால் சின்ன டிஸ்கிலேயே மாதக்கணக்கில் நிற்கும்.

மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவில் லாக்குகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும், சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தன்னிடம் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. நிறுவனங்களுக்கும் சேர்த்துத்தான். கருவிகளின் கடிகாரத்தை அரசு நேர சர்வரோடு ஒத்துப்போக வைக்கவும் சொல்கிறது. இதைச் செய்யாத கேமரா ரெக்கார்டர் எத்தனை வருடம் பின்னால் ஓடுகிறது என்று ஒருமுறை பாருங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு உடனே போன் செய்ய வேண்டும், மற்றது அப்புறம்.

அக்டோபர் 26

நாகப்பட்டினத்திலிருந்து கேட்டவருக்கும், மில்காரர்களுக்கும் சேர்த்து.

மில்லில் பெட்டியைக் கொல்வது வைரஸ் இல்லை, உமித் தூசி. விசிறி உள்ள பெட்டி அதை உறிஞ்சி உறிஞ்சி அடைத்துக்கொண்டு சூடேறிச் செத்துப்போகும். விசிறி இல்லாததை வாங்கி, ஆபீஸ் அறையில் உயரத்தில் வையுங்கள். கடலோரத்தில் உப்புக் காற்று, லேன் வயர் முனையில் இருக்கிற ஆர்.ஜே-45 பின்களில் பச்சை பூக்கும். இணைப்பு இருக்கிற மாதிரியே இருக்கும், பாக்கெட் பிழை ஏறிக்கொண்டே போகும். கண்காணிப்புப் பெட்டியில் அந்தப் பிழை எண்ணிக்கையையும் ஒரு கண் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை இடி பெரிய எதிரி. மில்லுக்கும் ஆபீசுக்கும் நடுவில் வெட்ட வெளியில் செப்பு லேன் வயர் ஓடினால், ஒரே இடியில் இரண்டு பக்க சுவிட்சும் அதில் செருகிய பெட்டியும் சேர்ந்து போகும். அந்த ஓட்டத்தை மட்டும் ஃபைபராக மாற்றுங்கள், கண்ணாடியில் மின்சாரம் ஓடாது. 2018 நவம்பரில் கஜா வந்தபோது வேதாரண்யம் பக்கமெல்லாம் கரண்ட் வரவே வாரக்கணக்கில் ஆனது. அப்படிப்பட்ட நாளில் லாக்கும் செட்டிங்கும் வேறு இடத்தில் ஒரு பிரதி இருப்பது எவ்வளவு நிம்மதி என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. இந்த மாதம் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் முடிந்துவிட்டது. எடை மேடை கம்ப்யூட்டரை மாற்றச் சொன்னால் மாற்ற மாட்டார்கள். எடையைக் காட்டுகிற இண்டிகேட்டரிலிருந்து வருகிற சீரியல் வயர், அதற்கென்றே எழுதிய பழைய நிரல், எழுதினவர் ஊரிலேயே இல்லை. சரி, மாற்ற முடியாது. அப்படியென்றால் அந்த ஒரு கம்ப்யூட்டரின் போர்ட்டைத்தான் முதலில் மிரர் செய்ய வேண்டும். அது யாரோடு பேச வேண்டும் என்பது சின்னப் பட்டியல்: பில் போடுகிற கம்ப்யூட்டர், பிரிண்டர். பட்டியலில் இல்லாத எதோடும் பேசினால் அலர்ட். ஜூனில் ரௌட்டர் போர்ட்டையும் கணக்கு கம்ப்யூட்டரையும் சொன்னேன், இப்போது எடை மேடையை அவற்றுக்கு முன்னால் வைக்கிறேன்.

நவம்பர் 9

யார் பார்ப்பது என்று யாருமே கேட்கவில்லை. அந்த மில்லில் கணக்கு பார்க்கிற அக்காதான் பார்க்கிறார். காலையில் டீ வருவதற்குள் முடித்துவிடுகிறார். நேற்று புதிதாக ஏதாவது கருவி நெட்வொர்க்கில் வந்ததா, ராத்திரியில் யார் அதிகம் வெளியே அனுப்பினார்கள், சிவப்பு அலர்ட் ஏதாவது உண்டா. அவருக்கு டி.எல்.எஸ் என்றால் என்னவென்று தெரியாது, தெரியத் தேவையும் இல்லை. ஆனால் எந்த லாரி டிரைவர் ஆபீஸ் வைஃபை பாஸ்வேர்டை வாங்கிப் போனார் என்று இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். இப்போது டிரைவர்களுக்குத் தனி வைஃபை. லட்சங்களில் வாங்கி ரேக்கில் பூட்டி வைத்த பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன், ஆயிரக்கணக்கில் அலர்ட் குவிந்து, லாகின் பாஸ்வேர்டு யாருக்கும் ஞாபகம் இல்லாமல். அவற்றைவிட இந்த அக்கா எவ்வளவோ மேல்.

நவம்பர் 16

கடைசியாக வந்த கேள்வி: பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு வேலை. சுரிகாட்டாவின் புள்ளிவிவரத்தில் கெர்னல் டிராப் (தவறவிட்ட பாக்கெட்டுகள்) என்ற எண்ணைப் பாருங்கள், ஏறிக்கொண்டே போனால் பெட்டி எல்லாவற்றையும் பார்க்கவில்லை. லேன் கார்டு பாக்கெட்டுகளை ஒன்றாக ஒட்டிக் கொடுக்கிற ஜி.ஆர்.ஓ., எல்.ஆர்.ஓ. இரண்டையும் லினக்சின் ஈத்டூல் கட்டளையால் அணைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பார்ப்பது வயரில் போனது மாதிரியே இருக்காது.

அப்புறம் மாதம் ஒருமுறை நீங்களே ஒரு அலர்ட்டை வரவழையுங்கள். இதற்கென்றே டெஸ்ட்மைநிட்ஸ் என்ற தளம் இருக்கிறது. அதைச் சாதாரண எச்.டி.டி.பி-யில், பூட்டு இல்லாத முகவரியில், ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து திறந்தால், ரூட் அதிகாரம் (கம்ப்யூட்டரின் முழு நிர்வாக உரிமை) கிடைத்தது போன்ற ஒரு வரி திரும்பி வரும். ஆபத்தில்லாதது. வழக்கமான விதிகள் ஏற்றிய சுரிகாட்டா அதற்கு உடனே அலர்ட் கொடுக்க வேண்டும். வரவில்லை என்றால் நிரலைக் குடையாதீர்கள். சுவிட்ச் பக்கம் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் யாராவது சுத்தம் செய்யும்போது வயரைக் கழற்றி வேறு போர்ட்டில் செருகியிருப்பார்கள்.